பி365 கைத்துப்பாக்கியை அன்றாடம் இடுப்பில் வைக்கத் தயார் செய்வது: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடவே கூடாது

டெக்சஸில் வார இறுதிகளில் ரேஞ்சுக்கு வரும் புதியவர்களுக்கு உதவி செய்கிறேன். துப்பாக்கி வாங்கிய முதல் வாரத்திலேயே ட்ரிக்கர், ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்), லைட் என்று ஆர்டர் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு துணி ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வாங்கி வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். வரிசை தலைகீழாகப் போய்விடுகிறது. அந்த வரிசையை நேராக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு சிக் சாவர் பி365-ஐ வைத்துக்கொள்கிறேன். நான் அன்றாடம் வைத்திருப்பது அதுதான். இதன் ட்ரிக்கர், அதை இயக்கும் உள்பாகங்கள் எல்லாம் ஒரு சிறிய எஃகுச் சட்டத்துக்குள் இருக்கின்றன. அதற்கு எஃப்.சி.யு. என்று பெயர். சீரியல் எண் அதில்தான் இருக்கிறது, அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அதுதான் துப்பாக்கி. பிளாஸ்டிக் கிரிப் (கைப்பிடி), ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்), பேரல் (குழல்) எல்லாம் அதைச் சுற்றி மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்கள்.

1. திருகாணியைத் தொடும் முன் சட்டம்

எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் வேறு சிலருக்கும் விதிவிலக்கு உண்டு. ஆனால் அது என்ன, எதற்குச் செல்லும் என்பதை வக்கீலிடம் கேட்காமல் நண்பர் சொன்னார் என்று நம்பக்கூடாது. ஒரு தவறு நடந்தால் வழக்கோடு நிற்காது, குடியேற்ற நிலையும் போகும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்தது மாநிலம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மூன்றிலும் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. இல்லினாய், கொலராடோவில் கைத்துப்பாக்கிக்கு 15. ஆகவே 17 தோட்டா பிடிக்கும் மேக்ரோ கிரிப்பை ஆசைப்பட்டு வாங்கும் முன், அதற்கான மேகசின் உங்கள் மாநிலத்தில் செல்லுமா என்று பாருங்கள். மரை போட்ட பேரலுக்கும் சில மாநிலங்களில் தடை இருக்கிறது. நியூஜெர்சியில் முனையில் குழிவுள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாவுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

எஃப்.சி.யு.வை மட்டும் தனியாக வாங்கினாலும் துப்பாக்கி வாங்கியதாகவே கணக்கு. கடையில் 4473 படிவம் நிரப்பித்தான் வாங்க வேண்டும். அதைத் தோளில் தாங்கிச் சுடும் கட்டையுள்ள கூட்டில் பொருத்தினால் அது குட்டை ரைஃபிள் ஆகிவிடும், அதற்கு முன்கூட்டியே மத்திய அரசின் அனுமதி வேண்டும். விளையாட்டாக மாட்டிப் பார்ப்பதும் குற்றம்தான்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிறைந்த, தடையில்லாதவர்கள் உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் நான் எல்லோரையும் உரிமம் எடுக்கச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலம் கொடுத்த உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரும் அப்பா அம்மாவுக்கு இது தினமும் வரும் பிரச்சினை.

2. மேசையைத் தயார் செய்வது

வேலை செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மேசையில் இல்லை என்றால் போதாது, அறையிலேயே இருக்கக் கூடாது. மேகசின்களைக் காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

முதலில் மேகசினைக் கழற்றுங்கள். அப்புறம் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். சேம்பரை (பேரலில் தோட்டா ஏறி நிற்கும் இடத்தை) கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். விழுந்த தோட்டாவைப் பார்த்து, காலியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். வீட்டில் தவறிச் சுட்டுவிட்டவர்களின் கதையில் இந்த இடம் திரும்பத் திரும்ப வரும்.

பொருட்கள் அதிகம் வேண்டாம். இறுக்கும் விசையை இன்ச்-பவுண்டில் காட்டும் சிறிய டார்க் ஸ்குரூடிரைவர், நீல நிறத் திருகுப் பசை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வெள்ளைப் பெயிண்ட் பேனா, துப்பாக்கி எண்ணெய், நான்கைந்து போலித் தோட்டாக்கள், ஒரு தட்டு. தட்டு எதற்கென்றால், ஸ்பிரிங் தெறித்து விழுந்தால் கார்ப்பெட்டில் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை.

3. எதையும் மாற்றாமல் 200 தோட்டா, இரண்டு வாரம்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கடையிலிருந்து வந்தபடியே முதலில் 200 தோட்டா சுட்டுப் பாருங்கள். புதுத் துப்பாக்கியில் ஏதாவது சிக்கினால் அது கம்பெனியின் பொறுப்பு, திருப்பி அனுப்பலாம். நான்கு பாகம் மாற்றிய பிறகு சிக்கினால் எது காரணம் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அதே நேரத்தில் வீட்டுக்குள், காலித் துப்பாக்கியாக, ட்ரிக்கரை முழுவதும் மூடும் ஹோல்ஸ்டரில் போட்டு இரண்டு வாரம் இடுப்பில் வைத்துப் பழகுங்கள். காரில் உட்காருங்கள், கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள். எங்கே குத்துகிறது, சட்டையில் எங்கே புடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் புடைத்துத் தெரிவது கிரிப்பின் அடிமுனைதான். பேரல் கால்சட்டைக்குள் மறைந்துவிடும். எனவே பேரலைக் குட்டையாக்குவதால் மறைப்பதில் பெரிய லாபம் இல்லை.

இந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த படிகளில் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

4. கிரிப் மாட்யூல்

2018-ல் வந்த முதல் பி365-இன் கிரிப் 10 தோட்டா மேகசினுக்கானது. சராசரிக் கை உள்ளவருக்குச் சுண்டு விரல் தொங்கும். எக்ஸ், எக்ஸ்எல் வகைகளின் கிரிப் 12 தோட்டாவுக்கு, மூன்று விரலும் பிடிக்கும். மேக்ரோ 17-க்கு. கிரிப் நீளமானால் துப்பாக்கி கையில் குதிப்பது குறையும், ஆனால் சட்டைக்குள் மறைப்பது கடினமாகும். மெலிந்த உடம்புக்காரர்களுக்கு எக்ஸ்எல் அளவு பொருந்துவதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். மேக்ரோவை வாங்கிய பலர் அதை வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போகிறார்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் துப்பாக்கியில் கட்டைவிரல் சேஃப்டி இருந்தால் அதற்கான வெட்டு கிரிப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஃப்.சி.யு. உள்ளே போகாது. கிரிப்பின் முன்பகுதி உங்கள் ஸ்லைடின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். மூன்றாவது, பெரிய கிரிப்புக்குப் புது மேகசின்கள் வேண்டும். கிரிப் விலையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் மூன்று மேகசினுக்குக் காசு கொடுக்கும்போது முகம் சுருங்கும்.

மாற்றுவது எளிது. ஸ்லைடைப் பின்னால் பூட்டி, துப்பாக்கியைப் பிரிப்பதற்கான டேக்டவுன் லீவரை மேல்நோக்கித் திருப்பி, ஸ்லைடை விடுவித்து முன்பக்கமாக உருவுங்கள். பி365-இல் இதற்கு ட்ரிக்கரை அழுத்த வேண்டியதில்லை. அழுத்தாதீர்கள். பிறகு லீவரை மெல்லத் திருப்பி அசைத்தபடி வெளியே இழுங்கள். அது வந்ததும் எஃப்.சி.யு.வின் முன்பக்கத்தைத் தூக்கி, ட்ரிக்கர் அதன் ஓட்டைக்குள் இடிக்காமல் நெளித்து எடுங்கள்.

வரவில்லை என்றால் ஸ்குரூடிரைவரால் நெம்பக் கூடாது. லீவர் முழுவதும் வெளியே வந்ததா என்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது முறை காரணம் அதுதான். நெம்பினால் ஸ்லைடு ஓடும் தண்டவாளம் வளையும், வளைந்தால் மாற்ற வேண்டியது துப்பாக்கியையே.

புதுக் கிரிப்பில் போட்ட பிறகு, காலி மேகசினை மாட்டி ஸ்லைடை இழுங்கள். பின்னால் பூட்டி நிற்க வேண்டும். மேகசினைக் கழற்றி ஸ்லைடை விட்டு, பாதுகாப்பான திசையில் ட்ரிக்கரை ஒரு தடவை அழுத்துங்கள், அழுத்தியபடியே ஸ்லைடை இழுத்து விடுங்கள், பிறகு ட்ரிக்கரை விடும்போது அது திரும்பி நிற்கும் கிளிக் சத்தம் கேட்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் ரேஞ்சுக்குப் போகலாம்.

5. ரெட் டாட்

இங்கேதான் பணமும் பொறுமையும் அதிகம் செலவாகும்.

முதலில் பொருத்தம். ரெட் டாட் வரும்படி வெட்டிய பி365 ஸ்லைடுகள் பெரும்பாலும் ஷீல்டு ஆர்எம்எஸ்சி என்ற வடிவத்தை ஒட்டியவை. ஆனால் வடிவம் ஒன்று என்று விளம்பரத்தில் இருந்தாலும், ஸ்லைடில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளைகள் ரெட் டாட்டின் அடியில் உள்ள குழிகளோடு சேர வேண்டும். முளை இடித்தால் அரத்தால் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. தேய்க்காதீர்கள். அதிர்வைத் தாங்குவதில் அந்த முளைகளுக்கும் பங்கு இருக்கிறது. நடுவில் இரண்டையும் இணைக்கும் தகடு (பிளேட்) வைக்கலாம், அல்லது பொருந்தும் வேறு ரெட் டாட் வாங்கலாம்.

எக்ஸ்எல் ஸ்லைடில் ரெட் டாட் வைக்க மூடித் தகட்டைக் கழற்றும்போது பின்பக்க இரும்பு சைட்டும் அதோடு போய்விடும். பேட்டரி தீர்ந்தால் குறிபார்க்க என்ன இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே யோசித்து, பின்பக்கத்தில் சைட் குறியுள்ள ரெட் டாட்டாகத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அடியில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ரெட் டாட்டைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் குறி சரிபார்க்க வேண்டும்.

மாட்டும் வரிசை இது. ஸ்லைடின் திருகு ஓட்டை, திருகு இரண்டையும் ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது அவற்றில் எண்ணெய் இருக்கும், எண்ணெய்மேல் பசை பிடிக்காது. பசையில்லாமல் ஒரு தடவை திருகிப் பார்த்து ஸ்லைடுக்குள் நகரும் பாகங்கள் தடையில்லாமல் நகர்கின்றனவா என்று பாருங்கள். திருகு ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் உள்ளே முட்டும். பிறகு மரையில் ஒரு சொட்டு நீலப் பசை, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ரெட் டாட் கையேட்டில் உள்ள அளவில் நிறுத்துங்கள். கை பலத்தில் இறுக்காதீர்கள், சின்னத் திருகின் தலை முறிந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

கடைசியாக, திருகின் தலையிலிருந்து ரெட் டாட்டின் உடல்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். திருகு அசைந்தால் கோடு உடைந்து தெரியும்.

இந்தக் கோட்டின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. முதல் ரெட் டாட்டை நான் ஆல்கஹாலால் துடைக்கவில்லை, கோடும் போடவில்லை. அடுத்த வாரம் ரேஞ்சில் தோட்டாக்கள் வலது பக்கம் ஒதுங்கின. நான் இடப்பக்கம் நான்கு கிளிக் திருப்பினேன். சரியானது போல இருந்தது. அப்புறம் மறுபடியும் ஒதுங்கியது, மறுபடியும் திருப்பினேன். ஒரு டப்பா தோட்டா, 50 தோட்டா, முழுவதையும் இப்படியே தீர்த்தேன். ஸ்லைடைத் துடைக்கத் துணியை எடுத்தபோது ரெட் டாட் விரலுக்கடியில் ஆடியது. குறி தள்ளிப் போனால் கிளிக்கைத் திருப்பும் முன் கோட்டைப் பாருங்கள்.

குறி சரிசெய்வதை 10 கெஜத்தில் செய்யுங்கள். பெரும்பாலான ரெட் டாட்டில் ஒரு கிளிக் 1 எம்ஓஏ என்ற சிறு கோண அளவு. அது 25 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 10 கெஜத்தில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு கிளிக் திருப்பிவிட்டு மாற்றமே இல்லையே என்று தவிக்க வேண்டாம். மேசைமேல் மணல் பையில் தாங்கி ஐந்து தோட்டா சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஒரே ஓட்டையைப் பார்த்துத் திருப்பினால் உங்கள் கை நடுக்கத்துக்குக் குறி வைத்ததாக ஆகிவிடும்.

புள்ளி கண்ணுக்கு அகப்படவில்லை என்று தொடக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது ரெட் டாட்டின் கோளாறு இல்லை, மணிக்கட்டு பழகவில்லை. காலித் துப்பாக்கியோடு தினமும் ஐந்து நிமிடம் நீட்டிப் பழகினால் சில வாரங்களில் புள்ளி தானாக வந்து நிற்கும்.

6. லைட் வேண்டுமா?

இதை ஹோல்ஸ்டருக்கு முன்பே முடிவு செய்யுங்கள். லைட் மாட்டிய துப்பாக்கிக்கு லைட்டுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர் வேண்டும். பழைய பி365 கிரிப்பில் லைட் மாட்டும் தண்டவாளம் சிக் கம்பெனியின் சொந்த அளவு, மேக்ரோவில் இருப்பது ‘1913’ என்ற பொதுவான அளவு. ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7 சப் போன்ற லைட்டுகள் இரண்டுக்கும் தனித்தனி வகையில் வருகின்றன, மாற்றி வாங்கினால் ஏறாது.

என் முடிவு: இடுப்பில் வைப்பதற்கு லைட் இல்லாமல், சட்டைப் பையில் தனியாக ஒரு சிறு டார்ச். இருட்டில் சாவி விழுந்தால் தேடுவதற்குத் துப்பாக்கியை நீட்ட முடியாதே.

7. பெல்ட்டும் ஹோல்ஸ்டரும்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், இதில் காசைச் சுருக்காதீர்கள். துணி ஹோல்ஸ்டர் வேண்டாம், மெலிந்த தோல் வேண்டாம். கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில், உங்கள் துப்பாக்கியின் வகைக்கே வார்த்ததாக இருக்க வேண்டும். மூன்று சோதனை வைத்துப் பாருங்கள்.

காலித் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் போட்டு, வெளியிலிருந்து எந்தப் பக்கம் அழுத்தினாலும் ட்ரிக்கரைத் தொட முடியக் கூடாது. மெத்தைமேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் விழக் கூடாது. துப்பாக்கியை உருவிய பிறகு ஹோல்ஸ்டரின் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும்.

கிரிப் புடைப்பதைக் குறைக்க, ஹோல்ஸ்டரின் ஓரத்தில் இறக்கை போன்ற சிறு துண்டு ஒன்று வரும். அது பெல்ட்டின் உட்பக்கத்தில் முட்டிக் கிரிப்பை உடம்போடு தள்ளும். முன்பக்கம் வைப்பவர்கள் அடியில் ஒரு மெத்தைத் துண்டும் ஒட்டிக்கொண்டால் மேல்பகுதி உள்ளே சாயும். குட்டைத் துப்பாக்கி வாங்கித் தீராத புடைப்பு இந்த இரண்டு துண்டிலும் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெல்ட் வளையாததாக இருக்க வேண்டும். பி365 காலியாக சுமார் அரைக் கிலோ, தோட்டாவோடு இன்னும் கூடும். சாதாரண பெல்ட் மதியத்துக்குள் தொங்கிவிடும், தொங்கினால் நாள் முழுக்கக் கை அதைத் தூக்கிச் சரிசெய்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு அதுவே காட்டிக்கொடுக்கும்.

துப்பாக்கியைத் திரும்ப ஹோல்ஸ்டருக்குள் வைப்பது உருவுவதைவிட ஆபத்தானது. ஒரு முறை ரேஞ்சில் ஒருவர் மழைக்கோட்டோடு நின்று துப்பாக்கியை உள்ளே செருகப் போனார். கோட்டின் ஓரத்தில் இருந்த இழுகயிற்றின் பிளாஸ்டிக் குண்டு ஹோல்ஸ்டரின் வாய்க்குள் தொங்கியது. பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் ஒரு அங்குலம் போயிருந்தால் அந்தக் குண்டு ட்ரிக்கரை அழுத்தியிருக்கும். அன்றைக்குப் பிறகு நான் சொல்லும் முறை ஒன்றுதான்: இடது கையால் துணியை நெஞ்சுவரை தூக்குங்கள், ஹோல்ஸ்டரின் வாயைக் கண்ணால் பாருங்கள், விரலை நேராக நீட்டி ஸ்லைடில் வையுங்கள், மெதுவாக உள்ளே விடுங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் அழுத்தாமல் வெளியே எடுங்கள். காலையில் அணியும்போது ஹோல்ஸ்டரில் துப்பாக்கியை முதலில் போட்டு, இரண்டையும் சேர்த்தே இடுப்பில் மாட்டுங்கள்.

8. ட்ரிக்கரில் கை வைக்க வேண்டாம்

கம்பெனி ட்ரிக்கர் சுமார் 6 பவுண்டு அழுத்தத்தில் விடுபடும். இடுப்பில் வைக்கும் துப்பாக்கிக்கு அது சரியான அளவு. தட்டையான ட்ரிக்கர் வேண்டுமென்றால் சிக் கம்பெனியின் பாகத்தையே வாங்கி, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள். மென்மையான ஸ்பிரிங், உள்ளே மெருகேற்றுவது, ஸ்ட்ரைக்கரை (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியை) தடுக்கும் பாதுகாப்புப் பாகத்தைத் தொடுவது, இவை எதையும் செய்யாதீர்கள். கீழே விழுந்தால் சுடாமல் தடுப்பது அந்தப் பாகங்கள்தான்.

ட்ரிக்கர் கடினமாக இருக்கிறது என்று வருபவர்களிடம் நான் ஆயிரம் தடவை காலியாக அழுத்திவிட்டு வரச் சொல்கிறேன். திரும்பி வந்து கேட்டவர்கள் மிகக் குறைவு.

9. தோட்டா, அதன் பிறகு சோதனை

பயிற்சிக்கு மலிவான உருண்டை முனைத் தோட்டா போதும். இடுப்பில் வைக்க ஹாலோ பாயிண்ட். அது உடம்பைத் துளைத்து அப்பால் போய்ப் பின்னால் இருப்பவரைத் தாக்கும் ஆபத்து குறைவு. எஃப்பிஐ சோதனையில் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் போவதை ஏற்கத்தக்கதாகக் கொள்கிறார்கள். 124 அல்லது 147 கிரெயினில் (குண்டின் எடை அளவு) ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 200 பயிற்சித் தோட்டா, அதோடு நீங்கள் வைக்கப் போகும் ஹாலோ பாயிண்ட்டில் 50. எல்லா மேகசினையும் எண் எழுதிச் சோதியுங்கள். சிக்கியது எந்த எண் மேகசினில் என்று தெரிந்தால் பாதிக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிடும். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும்.

தினமும் காலி செய்து திரும்ப நிரப்புகிறவர்கள் கவனிக்க: ஒரே தோட்டா மீண்டும் மீண்டும் சேம்பருக்குள் ஏறினால் அதன் முனை கூட்டுக்குள் அமுங்கும். அமுங்கிய தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதைப் புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். குள்ளமாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

10. அன்றாடம்

வாரம் ஒரு முறை காலி செய்து, ரெட் டாட் கண்ணாடியையும் ஸ்லைடின் பின்பக்கத்தையும் பஞ்சு இழை போகத் துடையுங்கள். பருத்திச் சட்டை நிறைய இழை விடும். வேர்க்கும் ஊர்களில் திருகுத் தலைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தடவினால் போதும். பெயிண்ட் கோட்டையும் அப்போதே பாருங்கள். ரெட் டாட் பேட்டரியை வருடம் ஒரு முறை, மறக்காத ஒரு நாளில் மாற்றிவிடுங்கள். நான் பொங்கலன்று மாற்றுகிறேன்.

இடுப்பில் இல்லாத நேரத்தில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். பீரோ மேல்தட்டு, தலையணைக்கடி, காரின் டாஷ்போர்டு எதுவும் சரிவராது. டெக்சஸில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை அதை எடுத்துவிட்டால், விட்டுவைத்தவர்மேல் குற்றம்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது. ரேஞ்சுக்குக் கொண்டு போகும் பையை இந்தியப் பயணத்துக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். பக்கப் பையின் தையலுக்குள் நழுவிப் போன ஒரே ஒரு தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். 9 எம்.எம். அங்கே தடைசெய்யப்பட்ட ரகம். ரேஞ்ச் பைக்கு வேறு நிறத்தில் ஒரு பை வாங்கி, அதைத் துப்பாக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு, ஜாக்கெட்டின் பைகளையும் உள்ளே வெளியே புரட்டிப் பாருங்கள்.